சிகாகோவின் உயர்கோபுரங்களை அடியிலிருந்து பார்ப்பது எப்படி: ஒரு நாள் நடைக்கான முழுமையான வழிகாட்டி

சிகாகோவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு கோபுரத்தின் உச்சிக்கு லிஃப்டில் ஏறி, கண்ணாடி ஓரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, நகரத்தைப் பார்த்துவிட்டதாக எண்ணி இறங்கிவிடுகிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன். அன்றைக்கு மேகம் தாழ்ந்திருந்ததால், கட்டணம் கொடுத்து ஏறிய உயரத்திலிருந்து வெள்ளை வேட்டியை விரித்தாற்போன்ற ஒரு வெறுமையைத் தவிர வேறெதையும் காண முடியவில்லை. வேறு வழியின்றிக் கீழே இறங்கித் தெருவில் நடந்தபோதுதான், இந்தக் கோபுரங்களின் கதை உச்சியில் அல்ல, கால் பகுதியில் இருக்கிறது என்பது விளங்கியது.

சிகாகோவின் மையப்பகுதி மிச்சிகன் ஏரியின் ஓரத்தில், நீர் ஊறிய மென்களிமண்ணின் மேல் அமைந்திருக்கிறது. உறுதியான பாறை ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. மேலே ஏரிக்காற்று எந்தத் தடையும் இல்லாமல் வந்து மோதுகிறது. நகரத்தின் வான்விளிம்பில் தெரியும் ஒவ்வொரு உருவமும், இந்தச் சேற்றுக்கோ இந்தக் காற்றுக்கோ ஒரு பொறியாளர் சொன்ன பதில் என்று வைத்துக்கொண்டு நடந்தால், வெறும் கண்ணாடியும் எஃகுமாகத் தெரிந்தவை ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கும். கீழே சொல்லப்படும் வரிசை அந்த நோக்கில் அமைக்கப்பட்டது. மொத்த நடை எட்டு கிலோமீட்டருக்குக் குறையாது. காலை விடிந்ததும் புறப்பட்டால் அந்தி சாயும் நேரத்தில் கடைசிக் கோபுரத்தை அடையலாம்.

புறப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சென்னையில் கடல் எப்போதும் கிழக்கே இருப்பதைப் போல, இங்கே ஏரி எப்போதும் கிழக்கே இருக்கும். இதை மனத்தில் கொண்டால் வழி தவற மாட்டீர்கள். தெருக்கள் சதுரங்கக் கட்டம் போலப் போடப்பட்டிருக்கின்றன. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் வெட்டிக்கொள்ளும் முனையே கதவு எண்களின் பூஜ்யப் புள்ளி; அங்கிருந்து வடக்கேயோ மேற்கேயோ போகும்போது எண் 800 கூடினால் ஒரு மைல் வந்துவிட்டது என்று பொருள். தளங்களை எண்ணும்போதும் ஒரு சிறு கவனம் தேவை. அமெரிக்காவில் தரைத்தளமே முதல் தளம் என்பதால், அவர்களுடைய 94-ஆவது தளம் நம்முடைய கணக்கில் 93-ஆவது மாடி.

மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்கள் நடப்பதற்கு ஏற்றவை. மற்ற மாதங்களில் வருபவர்கள் காதை மூடும் தொப்பி இல்லாமல் ஆற்றுப் பாலங்களில் நிற்க முயல வேண்டாம்.

முதல் படி: காலை வெயிலில் முழு வடிவத்தையும் பார்த்துவிடுங்கள்

ஏரிக்குள் நீண்டிருக்கும் ஒரு முனையில் ஆட்லர் கோளரங்கம் இருக்கிறது. அதன் கரையில் நின்று வடமேற்கே திரும்பினால், முதுகுப்புறத்துச் சூரியன் கோபுரங்களின் முகத்தில் படுவதால், காலையில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். மாலையில் இதே இடம் அழகாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது கறுப்பு நிழலுருவங்கள் மட்டுமே கிடைக்கும்.

இடக்கோடியில் படிப்படியாகக் குறுகி உயரும் கறுப்புக் கட்டடம் வில்லிஸ் கோபுரம். நடுவில் எந்த வளைவும் இல்லாமல் நெட்டுக்குத்தாக நிற்கும் வெளிறிய தூண் ஏயான் சென்டர். அதற்கு வலப்புறம் அலை அலையாக ஏறி இறங்கும் நீலக் கண்ணாடி செயின்ட் ரீஜிஸ். அவற்றுக்கும் வடக்கே, நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்துச் சற்று மறைந்தும் தெரிந்தும், இரட்டை ஆன்டெனாவுடன் நிற்பது ஹான்காக். இந்த நான்கையும் அடையாளம் கண்டுவிட்டால் போதும். மற்றவற்றை நடக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

நகரத்தை நோக்கி நடக்கையில் கிராண்ட் பூங்காவைக் கடப்பீர்கள். 1871 அக்டோபரில் நகரத்தின் மையத்தை எரித்து, ஏறத்தாழ 300 பேரைப் பலிகொண்டு, ஒரு லட்சம் பேரை வீடற்றவர்களாக்கிய பெருந்தீயின் இடிபாடுகளை ஏரியில் கொட்டித் தூர்த்தார்கள். அப்படித் தூர்த்த நிலத்தின் மேல்தான் இந்தப் பூங்கா விரிந்திருக்கிறது. அந்தத் தீயின் காரணமாகவே நகர மையம் வெற்று நிலமாகி, மனையின் விலை ஏறி, அகலமாகக் கட்ட முடியாத முதலாளிகள் உயரமாகக் கட்டத் துணிந்தார்கள்.

பூங்காவைத் தாண்டி மிச்சிகன் அவென்யூவில் இருக்கும் ஆர்ட் இன்ஸ்டிடியூட் கட்டடத்தின் முன் தமிழர் எவரும் சற்று நிற்பார்கள். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசியது இந்தக் கட்டடத்தில்தான். அவரை அனுப்பிவைக்கச் சென்னையில் வீடு வீடாகப் பணம் திரட்டியவர்களில் முதன்மையானவர் அளசிங்கப் பெருமாள். அடுத்து நீங்கள் பார்க்கப்போகும் கட்டடம் விவேகானந்தர் வந்தபோதே எழுந்து நின்றது.

இரண்டாம் படி: மொனாட்நாக் கட்டடத்தின் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

ஜாக்சன் சாலையும் டியர்பார்ன் தெருவும் சந்திக்கும் இடத்தில், அரக்கு நிறச் செங்கல்லில், அலங்காரம் எதுவும் இல்லாமல் 16 தளங்களுடன் நிற்கிறது மொனாட்நாக். இந்த நடையில் வேறெதையும் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. 1891-இல் முடிந்த அதன் வடபாதி, எஃகுச் சட்டகத்தை நம்பாமல் பெரும்பாலும் சுவரின் பலத்திலேயே நிற்பது. மேலே இருக்கும் அத்தனை சுமையையும் சுவரே தாங்க வேண்டியிருப்பதால், அடியில் அதன் கனம் ஆறு அடி. கடையின் சன்னல் ஓரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். முழங்கை, தோள் எல்லாம் உள்ளே போன பிறகும் கண்ணாடியைத் தொட முடியாத ஆழத்தில் சன்னல் புதைந்திருக்கும். சுவர் தெருவை நெருங்கும் இடத்தில் மரத்தின் வேர்ப்பகுதி போல மெல்ல வெளியே சரிந்து வருவதையும், உச்சியில் மறுபடி வெளிப்புறமாக மலர்வதையும் கவனிக்கலாம்.

வடிவமைத்தவர் ஜான் ரூட்; அது முடிவதற்குள், 1891 ஜனவரியில், 41 வயதிலேயே இறந்துபோனார். கட்டடத்தின் வெறுமைக்குக் காரணம் கலைக் கொள்கை மட்டுமல்ல, பாஸ்டனைச் சேர்ந்த உரிமையாளரின் சிக்கனமும்தான். துருத்திக்கொண்டிருக்கும் அலங்காரங்களில் அழுக்குச் சேரும், புறா தங்கும் என்று அவர் கருதினார்.

இப்போது தெருவின் தெற்குப் பக்கமாக நகர்ந்து, இரண்டே ஆண்டுகள் கழித்து 1893-இல் சேர்க்கப்பட்ட தென்பாதியைப் பாருங்கள். வேறு நிறுவனம் எஃகுச் சட்டகத்தில் அதைக் கட்டியது. சுவர் அங்கே சுமை தாங்கவில்லை, சட்டகத்தின் மேல் போர்த்திய போர்வையாக மாறிவிட்டது. ஒரே கட்டடத்தின் இரு பாதிகளில் ஒரு தொழில்நுட்பம் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தை இப்படிக் கண்ணால் காண்பது அரிது.

ஆறடிச் சுவரின் எடைக்கு நிலமும் ஒரு பதில் சொன்னது. களிமண் அமுங்கும் என்று கணக்கிட்டு, கட்டடம் 8 அங்குலம் இறங்குமென எதிர்பார்த்தே கட்டினார்கள். காலப்போக்கில் அது ஏறத்தாழ 20 அங்குலம் இறங்கிவிட்டது. உள்ளே போக அனுமதி கிடைத்தால் படிக்கட்டையும் பாருங்கள். கட்டடக் கலையில் அலுமினியம் பயன்பட்ட மிக ஆரம்பகால இடங்களுள் அது ஒன்று.

மூன்றாம் படி: லசால் தெருவில் சேற்றை வென்ற வழிகளைக் காணுங்கள்

ஆடம்ஸ் தெரு முனையில் 1888-இல் எழுந்த ரூக்கரி, களிமண்ணுக்கு வேறொரு தந்திரத்தைக் கையாண்டது. தண்டவாளங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அவற்றைக் கான்கிரீட்டில் புதைத்து, சேற்றின் மேல் மிதக்கும் தெப்பம் போன்ற அஸ்திவாரத்தை அமைத்தார்கள். தெப்பக்குளத்தையும் தெப்பத்தையும் அறிந்த நமக்கு இந்த ஏற்பாட்டை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை: எடையை ஒரே புள்ளியில் ஊன்றாமல் அகலப் பரப்பிவிட்டால் மென்மையான நிலமும் தாங்கும். முகப்புக் கூடத்தைக் கண்டிப்பாகப் பாருங்கள். 1905-இல் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் அதை வெள்ளைச் சலவைக்கல்லும் பொன்வரிகளுமாகப் புதுப்பித்தார். கண்ணாடிக் கூரையின் வழியே இறங்கும் வெளிச்சத்துக்காகவே அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

அதே சந்திப்பின் மற்றொரு மூலையில்தான் வில்லியம் லி பேரன் ஜென்னி 1885-இல் கட்டிய ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் இருந்தது. பத்துத் தளங்கள், 42 மீட்டர் உயரம், 1931-இல் இடிக்கப்பட்டது. சுவர் அல்ல, உலோகச் சட்டகமே சுமையின் பெரும்பகுதியைத் தாங்கிய கட்டடம் என்பதால் உலகின் முதல் வானளாவி என்று அதைச் சொல்வார்கள். அந்தப் பட்டம் அதற்குத் தகுமா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை.

தெப்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு. உயரம் கூடக்கூட, பாறை வரையிலோ உறுதியான அடிமண் வரையிலோ போவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. 1890-களில் இந்த ஊரில் உருவான முறையைப் படித்தபோது எனக்கு நம் ஊர் உறைகிணறுதான் நினைவுக்கு வந்தது: ஆட்கள் இறங்கி வட்டமாகக் குழி தோண்டுவார்கள், பக்க மண் சரியாமல் மரப்பலகைகளை வளையமாகப் பொருத்துவார்கள், மேலும் தோண்டுவார்கள், கடைசியில் குழி முழுவதையும் கான்கிரீட்டால் நிரப்பித் தூணாக்கிவிடுவார்கள். சிகாகோ கெய்சன் என்று இதற்குப் பெயர். பிற்காலத்தில் ஆளுக்குப் பதில் இயந்திரம் தோண்டியது, தத்துவம் மாறவில்லை.

தெருவின் தெற்கு முடிவில் வழியை அடைத்தாற்போல் நிற்பது தானிய வணிகச் சந்தைக்காக 1930-இல் கட்டிய போர்டு ஆஃப் டிரேட். 184 மீட்டர் உச்சியில், தானியங்களின் தெய்வமான சீரிஸின் அலுமினியச் சிலை இருக்கிறது. அந்தச் சிலைக்கு முகம் கிடையாது. அவ்வளவு உயரத்தில் இருப்பவளின் முகத்தை எவர் பார்க்கப்போகிறார் என்று சிற்பி விட்டுவிட்டார். பிற்காலத்தில் சுற்றிலும் அதைவிட உயரமான கட்டடங்கள் எழும் என்பதை அன்று எவரும் எண்ணவில்லை.

நான்காம் படி: வில்லிஸ் கோபுரத்தை வெளியிலிருந்து எண்ணுங்கள்

மேற்கே சிறிது தூரத்தில், 442 மீட்டர் உயரத்தில் நிற்கிறது வில்லிஸ் கோபுரம். 2009 வரை சியர்ஸ் கோபுரம் என்றே பெயர். உள்ளூர்வாசிகளில் பலர் இன்றும் அப்படியே சொல்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள ஃபஸ்லுர் ரஹ்மான் கானை அறிய வேண்டும். 1929-இல் டாக்கா பகுதியில் பிறந்து, கல்கத்தாவை அடுத்த ஷிப்பூரில் பொறியியல் பயின்று, 1952-இல் உதவித்தொகையில் இல்லினாய்க்கு மேற்படிப்புக்கு வந்தவர். வானளாவிக் கட்டுமானத்தின் கணக்கையே மாற்றி எழுதியவர் அவர் என்றால் மிகையாகாது.

அவருக்கு முந்தைய முறையில், கட்டடத்தின் உட்பகுதி முழுவதும் தூண்களும் உத்தரங்களும் கூண்டு போல நிறைந்திருக்கும். எடையைத் தாங்க அது போதும். ஆனால் உயரம் கூடும்போது எடையைவிடக் காற்றின் தள்ளுதலே பெரிய எதிரியாகிறது. அதைச் சமாளிக்க எஃகைக் கொட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. கான் பலத்தை உள்ளிருந்து வெளிச்சுவருக்கு மாற்றினார். நெருக்கமான தூண்களால் ஆன வெளிச்சுவர்கள் நான்கும் சேர்ந்து ஒரே குழாயாக இயங்கும். மூங்கில் உள்ளே வெற்றாக இருந்தும் புயலில் முறியாமல் நிற்பது இதே காரணத்தால்தான்.

வில்லிஸில் அவர் இன்னும் ஒரு படி போனார். தரையில் 75 அடிக்கு 75 அடி அளவுள்ள ஒன்பது சதுரக் குழாய்கள், வரிசைக்கு மூன்றாக ஒட்டி நிற்கின்றன. ஒற்றை நாணல் வளையும், கட்டிய நாணல் வளையாது. இனி, வாக்கர் சாலையின் எதிர்ப்புறத்துக்குப் போய் அண்ணாந்து எண்ணுங்கள்: 50-ஆவது தளத்தில் இரண்டு குழாய்கள் நின்றுவிடும், 66-இல் இன்னும் இரண்டு, 90-இல் மூன்று, மீதி இரண்டு மட்டும் உச்சிவரை போகும். வெவ்வேறு உயரங்களில் வடிவம் மாறுவதால், காற்று எல்லா இடத்திலும் ஒரே தாளத்தில் சுழன்று கட்டடத்தை ஆட்டுவதும் கடினமாகிறது. நடுநடுவே சன்னல் இல்லாமல் தெரியும் அடர்கறுப்புப் பட்டைகள் இயந்திரத் தளங்கள். குழாய்களைச் சேர்த்துக் கட்டும் எஃகுச் சட்டங்கள் அங்கே மறைந்திருக்கின்றன. கட்டின் கயிறு என்று அவற்றை எண்ணிக்கொள்ளலாம்.

உலகின் மிக உயரமான கட்டடம் என்ற பெருமை 1998-இல் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களுக்குப் போனது. அவற்றின் உச்சிக் கூம்புகள் கட்டடத்தின் பகுதி என்று கணக்கில் சேர்க்கப்பட்டன. வில்லிஸின் ஆன்டெனாக்கள் சேர்க்கப்படவில்லை. சிகாகோக்காரர்களிடம் இந்தப் பேச்சை எடுப்பதானால் கையில் நேரம் வைத்துக்கொண்டு எடுங்கள். 103-ஆவது தளத்தில் பார்வை மாடமும், வெளியே துருத்தி நிற்கும் கண்ணாடிப் பெட்டிகளும் உண்டு. ஆனால் வில்லிஸின் உச்சியிலிருந்து பார்த்தால் வில்லிஸ் தெரியாது. அதனால் கட்டணத்தை மாலைக்குச் சேமித்து வைக்கும்படி பரிந்துரைப்பேன்.

ஐந்தாம் படி: ஆற்றங்கரையோடு கிழக்கே திரும்புங்கள்

வடக்கே நடந்தால் ஆறு வரும். கழிவு ஏரியில் கலந்து குடிநீரைக் கெடுத்ததால், 1900-இல் கால்வாய் வெட்டி இந்த ஆற்றின் ஓட்டத்தையே திருப்பிவிட்ட ஊர் இது. கால் வலித்தால் இங்கே படகுச் சுற்றுலாவில் ஏறிக்கொள்ளலாம். சிகாகோ கட்டடக்கலை மையம் நடத்தும் சுற்றில் விளக்கம் தருபவர்கள் நன்கு அறிந்து பேசுகிறார்கள்.

ஆற்றின் மேற்குக் கரையில், அடி குறுகி மேலே அகன்று, தலைகீழாக நட்டதைப் போல் நிற்பது 2017-இல் கட்டிய 150 நார்த் ரிவர்சைடு. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ரயில் பாதை; கிடைத்த இடுக்கில் 12 மீட்டர் அகல அடித்தளத்தின் மேல் 54 தளங்கள். இவ்வளவு ஒல்லியான உருவம் காற்றில் ஆடாதிருக்க, உச்சியில் நீர்த்தொட்டிகள் வைத்திருக்கிறார்கள்; கட்டடம் ஒரு பக்கம் சாயும்போது தண்ணீர் மறுபக்கம் அலைந்து ஆட்டத்தைத் தணிக்கும்.

கிழக்கே வந்தால் மரீனா சிட்டியின் இரட்டைக் கோபுரங்கள், இரண்டு சோளக்கதிர்களை நட்டு வைத்தாற்போல. பெர்ட்ரண்ட் கோல்ட்பெர்க் வடிவமைக்க, 1960-களில் எழுந்தவை. மக்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலத்தில், கட்டடப் பராமரிப்புப் பணியாளர்களின் தொழிற்சங்கம் பணம் போட்டு, நகரத்துக்குள்ளேயே வீடும் கடையும் படகுத்துறையும் சேர்ந்த குடியிருப்பாக இதை எழுப்பியது. கீழே 19 தளங்கள் சுருள்பாதையாக ஏறும் கார் நிறுத்தம். கார்கள் விளிம்பு வரை பின்னோக்கி நிறுத்தப்பட்டிருப்பதைப் பாலத்திலிருந்து பார்க்கும்போது, நமக்குத்தான் வயிறு கலங்கும். அடுத்த மனையில் நேர்க்கோடுகளைத் தவிர வேறெதுவும் இல்லாத கறுப்புப் பெட்டி ஒன்று நிற்கிறது: கட்டடக் கலைஞர் மீஸ் ஃபான் டெர் ரோவின் கடைசிக் காலப் படைப்பான பழைய ஐபிஎம் கட்டடம். மீஸிடம் பயின்றவர்தான் கோல்ட்பெர்க் என்பதை அறிந்து பார்த்தால், குருவுக்கும் சீடருக்கும் நடந்த வாதம் தெருவிலேயே நிற்பது தெரியும்.

அதையடுத்து 423 மீட்டர் உயர டிரம்ப் கோபுரம். பெயர்ப்பலகையை ஒதுக்கிவிட்டு அதன் உள்வாங்கும் படிகளை மட்டும் கவனியுங்கள். முதல் படி பக்கத்து ரிக்லி கட்டடத்தின் உயரத்தை ஒட்டியும், இரண்டாவது மரீனா சிட்டியை ஒட்டியும், மூன்றாவது ஐபிஎம் கட்டடத்தை ஒட்டியும் அமைந்திருக்கின்றன. ரிக்லியின் வெள்ளைச் சுடுமண் ஓடுகள் ஒரே வெள்ளை அல்ல. கீழிருந்து மேலே போகப்போக ஆறு சாயல்களில் வெளுத்துக்கொண்டே போவதால், மாலையில் உச்சி மட்டும் கூடுதல் ஒளியோடு தெரியும். எதிரில் 1925-இல் முடிந்த டிரிப்யூன் கோபுரத்தின் அடிச்சுவரில், தாஜ்மகால் உட்பட உலகின் பல இடங்களிலிருந்து கொண்டுவந்த கல்துண்டுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன.

ஆறாம் படி: காற்றையும் குளிரையும் அறியாத கல்லின் கதை

பாலத்தைக் கடந்து ஆற்றின் தென்கரையில் கிழக்கே போனால் ஜீன் கேங் வடிவமைத்த இரு கட்டடங்கள். அக்வாவின் கான்கிரீட் பால்கனிகள் தளத்துக்குத் தளம் வேறுவேறு அளவில் நீண்டு, மணல்மேட்டின் வரிகள் போலத் தெரிகின்றன. அழகுக்கு மட்டுமல்ல, காற்றைச் சிதறடிக்கவும் அவை உதவுகின்றன. 365 மீட்டர் உயர செயின்ட் ரீஜிஸில் 83-ஆவது தள உயரத்தில் ஓர் இடைவெளி தெரியும். அங்கே சுவரும் இல்லை, குடியிருப்பும் இல்லை. காற்று புகுந்து வெளியேறுவதற்காகவே விட்ட வாசல். விலைமதிப்பு மிக்க உயரத்தைக் காற்றுக்கு விட்டுக்கொடுத்த இந்த முடிவே அந்தக் கட்டடத்தில் எனக்குப் பிடித்தது.

அருகிலுள்ள ஏயான் சென்டர் 1970-களில் இத்தாலியின் கராரா சலவைக்கல்லால், ஏறத்தாழ 43,000 பலகைகளால் போர்த்தப்பட்டது. எடை குறைய மெலிதாக அறுத்த கல் சிகாகோவின் வெயிலிலும் உறைபனியிலும் மாறிமாறி வெந்து குளிர்ந்து, வளைந்து, விரிசல் விட்டது. 1974-இலேயே ஒரு பலகை கழன்று பக்கத்துக் கட்டடத்தின் கூரையில் விழுந்தது. கடைசியில் 1990 முதல் 1992 வரை முழுக் கோபுரத்தின் கல்லையும் உரித்துவிட்டு வெள்ளைக் கிரானைட்டைப் பொருத்தினார்கள்.

ஏழாம் படி: அந்தியில் ஹான்காக்கில் ஏறுங்கள்

மிச்சிகன் அவென்யூவில் வடக்கே நடந்தால், அடி அகன்று உச்சி குறுகிய 344 மீட்டர் கோபுரம். 2018 முதல் முகவரி எண்ணே பெயராகிவிட்டாலும் ஹான்காக் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். முகப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் பெருக்கல் குறிகள் அலங்காரம் அல்ல. காற்றின் விசையையும் எடையையும் மூலைகளுக்கு இறக்கும் எஃகுச் சட்டங்கள் அவை. கானும் கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாமும் சேர்ந்து செய்த இந்த ஏற்பாட்டால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 145 கிலோ எஃகே செலவாயிற்று. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு அது 200 கிலோவைத் தாண்டியது. குறுக்குச் சட்டம் சன்னலை மறைக்கும் வீடுகளும் உள்ளே உண்டு.

சேறு இங்கேயும் விடவில்லை. கட்டுமானத்தின் தொடக்கத்தில் ஒரு கெய்சனில் குறை தெரிந்து, வேலை நிறுத்தப்பட்டு, அஸ்திவாரங்கள் சோதிக்கப்பட்ட பிறகே கோபுரம் மேலெழுந்தது.

சூரியன் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாக 94-ஆவது தளத்துக்கு ஏறுங்கள். மேகம் தாழ்ந்திருந்தால் பயணச்சீட்டு வாங்க வேண்டாம். தெற்குச் சன்னலில் நின்றால் காலையில் புறப்பட்ட முனை முதல் வில்லிஸ் வரை முழு நடையும் ஒரே பார்வையில் வரும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் இரவில் நேரம் சென்றதும் பல கோபுரங்களின் அலங்கார விளக்குகள் அணைந்துவிடும். ஏரிக்கரையோடு வலசை போகும் பறவைகள் வெளிச்சத்தில் மயங்கிக் கண்ணாடியில் மோதி இறப்பதைக் குறைப்பதற்கான ஏற்பாடு அது. இரவுப் படம் எடுக்க நினைப்பவர்கள் முன்னதாகவே எடுத்துவிட வேண்டும்.

மறுநாள் ஒரு காலைப்பொழுது மிஞ்சினால், சிவப்புத் தடத்து ரயிலில் ஷெரிடன் நிலையத்தில் இறங்கி, கிரேஸ்லேண்ட் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து போங்கள். மொனாட்நாக்கைக் கட்டிய ரூட், மீஸ், கிரஹாம், 1982-இல் ஜெத்தாவில் மறைந்த ஃபஸ்லுர் கான் ஆகியோர் அங்கே அடங்கியிருக்கிறார்கள். நுழைவாயில் அலுவலகத்தில் வரைபடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மீஸின் இடத்தில் தரையோடு தரையாகப் பதித்த ஒரு கறுப்புக் கல் மட்டுமே இருப்பதால், வரைபடம் இல்லாமல் தேடினால் அதைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.